அதிரும் தந்திகள் – 14: பாட்டு பிடித்தது, ஒலி பிடிக்கவில்லை

மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பம் 2008 செப்டம்பர் 12 அன்று வெளிவந்தது. அமெரிக்காவில் முதல் மூன்று நாளிலேயே ஏறத்தாழ 4,90,000 பிரதிகள் விற்று, பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அந்த வாரமே ரசிகர்களும் இரண்டு கட்சியானார்கள். புது ஆல்பம் வந்தால் ‘பழைய மாதிரி இல்லை’ என்று சிலர் குறைப்படுவது எல்லாக் குழுக்களுக்கும் நடப்பதுதான். இங்கே நடந்தது வேறு. ‘பழைய மெட்டாலிகா திரும்பிவிட்டது’ என்று கொண்டாடியவர்களே, ‘ஆனால் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை’ என்றும் சொன்னார்கள்.

கொண்டாட்டத்துக்குக் காரணம் உண்டு. சென்ற வாரம் பார்த்த ‘செயின்ட் ஆங்கர்’ (2003) தந்த காயம் இன்னும் ஆறவில்லை. அந்த ஆல்பத்தில் கிர்க் ஹாம்மெட்டின் கிட்டார் சோலோ ஒன்றுகூடக் கிடையாது. லார்ஸ் உல்ரிச்சின் ஸ்நேர் டிரம், கம்பிகளைத் தளர்த்தி வாசித்ததால், தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஒலித்தது. ஐந்து ஆண்டு கழித்து வந்த புது ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் ரிக் ரூபின். 1986-இல் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ செய்த காலத்து மனநிலையோடு எழுதுங்கள் என்று அவர் குழுவைத் தூண்டினார். சோலோக்கள் திரும்பின. வேகம் திரும்பியது. 1988-க்குப் பிறகு முதன்முறையாக, பாடகர் குரலே இல்லாத ஒரு முழு வாத்திய இசையும் இடம்பெற்றது.

குறைகள் இல்லாமல் இல்லை. பத்துப் பாட்டுக்கு முக்கால் மணி நேரமே தாராளம். இது 75 நிமிடத்தைத் தொடுகிறது. ‘தி அன்ஃபர்கிவன்’ என்ற பழைய பாட்டுக்கு மூன்றாம் பாகம் தேவையா என்று கேட்டவர்களும் உண்டு. இதெல்லாம் ரசனைச் சண்டை, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். ஒலியைப் பற்றிய புகார் அப்படிப்பட்டதல்ல. அதில் ரசிகர்கள் சொன்னது சரி. அதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

டிஜிட்டல் பதிவில் ஒலிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டி ஒரு துளி சத்தத்தையும் பதிய முடியாது. பாட்டு முழுக்கச் சத்தமாகக் கேட்கவேண்டும் என்று நினைப்பவர்கள், மெல்லிய பகுதிகளையும் அந்த வரம்பை ஒட்டி மேலே தூக்குகிறார்கள். அப்போது, இயல்பாகவே எம்பி எழும் டிரம் அடிகளுக்கு மேலே இடம் இருக்காது. ஒலியை வரம்பு தாண்டவிடாத ‘லிமிட்டர்’ என்ற கருவி அவற்றின் தலையைச் சீவிவிடும். இந்த ஆல்பத்தின் ஒலி அலையைக் கணினித் திரையில் விரித்துப் பார்த்தவர்களுக்கு மேடும் பள்ளமும் தெரியவில்லை. மேலும் கீழும் வெட்டிவிட்ட ஒரே பட்டையாகத்தான் தெரிந்தது. காதுக்கு அது கரகரப்பாக வந்து சேரும். உல்ரிச் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அந்த அடி முன்னால் வந்து விழாது, கிட்டார்களுக்குள்ளேயே புதைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் காது களைத்துப்போகும்.

இந்தச் சத்தப் போட்டி மெட்டாலிகா தொடங்கியதல்ல. இரண்டு பாட்டை அடுத்தடுத்துக் கேட்டால், சற்றே உரக்க ஒலிப்பதையே நம் காது ‘நல்லது’ என்று எடுத்துக்கொள்ளும். வானொலியிலும் காரிலும் அடுத்தவன் பாட்டைவிட நம் பாட்டு எடுப்பாகக் கேட்கவேண்டும் என்ற ஆசை, 1990-களில் சிடியோடு சேர்ந்து வளர்ந்தது. ரூபின் தயாரித்த ‘கலிஃபோர்னிகேஷன்’ (1999, ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ்) மீதும் இதே புகார் எழுந்தது.

‘டெத் மேக்னெட்டிக்’ விஷயத்தில் மட்டும் ரசிகர்கள் கையில் ஒரு சாட்சி சிக்கியது. அது ஒரு வீடியோ கேம்.

ஆல்பத்தின் பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ 3’ விளையாட்டுக்கும் கொடுக்கப்பட்டிருந்தன. அந்த விளையாட்டில் ஆடுபவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் கிட்டார் மட்டும் நின்றுபோகும். டிரம்ஸும் குரலும் தொடரும். அதற்காகக் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியாகத்தான் கொடுத்தாகவேண்டும். ஆகவே, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கும் வேலைக்கு முந்தைய பதிவுகளே விளையாட்டுக்குப் போயின. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். விளையாட்டில் டிரம் துள்ளியது, ராபர்ட் ட்ருஹியோவின் பேஸ் பிரிந்து கேட்டது. காசு கொடுத்து வாங்கிய சிடியைவிட விளையாட்டில் வந்த ஒலி தெளிவாக இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? விளையாட்டின் ஒலியைப் பதிவுசெய்து ஆளுக்கு ஆள் கைமாற்றினார்கள். மறுபடி மிக்ஸ் செய்து வெளியிடக் கோரிய மனுவில் 10,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

முதலில் திட்டு விழுந்தது மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு, செய்த டெட் ஜென்சன் மீது. துறையில் பெரிய பெயர் அவருக்கு. ரசிகர் ஒருவருக்கு அவர் எழுதிய பதில் வெளியே வந்தது. தன்னிடம் வந்து சேரும்போதே பாட்டுகள் நசுக்கப்பட்டிருந்தன, தன் பெயர் இதில் இருப்பதில் பெருமையில்லை என்பது அதன் சாரம். வெற்றிபெற்ற ஓர் ஆல்பத்தைப் பற்றி அதில் வேலை செய்தவரே இப்படிச் சொல்வது அபூர்வம். உல்ரிச்சோ ஒலியில் கோளாறு இல்லை என்று நின்றார். விற்பனையும் அவர் பக்கம்தான் இருந்தது. அடுத்த ஆண்டு கிராமி விருதுகளும் வந்தன. சிறந்த தயாரிப்பாளர் விருது ரூபினுக்கே போனது.

‘பாட்டு நன்றாக இருக்கிறது, சத்தம் அதிகமாக இருந்தால் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அப்போது ஆல்பத்தின் ஆதரவாளர்கள் சிலர் வாதாடினார்கள். இன்று ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் அதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு பாட்டின் சராசரி சத்தத்தையும் அளந்து, அதிகமானதைத் தாமாகவே இறக்கிவிடுகின்றன. அதனால், அடுத்தவன் பாட்டைவிட உரக்கக் கேட்கவேண்டும் என்று ‘டெத் மேக்னெட்டிக்’ எதற்காகத் தன் டிரம்ஸைப் பலிகொடுத்ததோ, அந்த ஆதாயமே இப்போது இல்லை. சத்தம் இறங்குகிறது, சீவப்பட்ட அடிகள் மட்டும் திரும்பி வருவதில்லை.

2015-இல் ஐட்யூன்ஸுக்கென்று வந்த பதிப்பில் ஒலி கொஞ்சம் மூச்சுவிட்டது. அது போதாது. விளையாட்டுக்குத் தனித்தனியாகக் கொடுக்கப் பதிவுகள் இருந்தன அல்லவா? அவற்றை எடுத்து, நசுக்காமல் மிக்ஸ் செய்து, மெட்டாலிகா தன் பெயரிலேயே இந்த ஆல்பத்தை மறுபடி வெளியிடவேண்டும். மனுவில் கையெழுத்திட்டவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

(தொடரும்)