அந்தமானின் மரபுசாரா மின்சக்தியும் சிறு முதலீட்டாளரும்

அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்தின் மின்தொகுப்புக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. மக்கள் வாழும் தீவுகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்துகொள்ள வேண்டியுள்ளது. அதன் பெரும்பகுதி இன்றும் டீசலால் இயங்கும் ஜெனரேட்டர்களிலிருந்தே கிடைக்கிறது. அந்த டீசலும் கடல் கடந்து கப்பலில் வந்து சேர வேண்டும். இதனால் ஒரு யூனிட் மின்சாரத்தின் உற்பத்திச் செலவு, நுகர்வோர் செலுத்தும் கட்டணத்தைவிட மிக அதிகமாகும். இந்த இடைவெளியை மத்திய அரசின் நிதியே ஈடுசெய்து வருகிறது.

இத்தகைய இடத்தில் சூரிய ஒளியிலிருந்து பெறப்படும் ஒவ்வொரு யூனிட்டும் டீசலை மிச்சப்படுத்துகிறது. ஆகவே, இம்மின்சாரத்தை உற்பத்தி செய்யும் நிறுவனங்களின் பங்குகளும் நல்ல முதலீடாகவே அமையும் என்று பலர் எண்ணுவது இயல்பே. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்தே இன்று மின்னணுப் பங்குக் கணக்குத் தொடங்கி, நாட்டின் எந்த நிறுவனத்தின் பங்கையும் வாங்க முடிகிறது. ஆனால் ஒரு மின்நிலையம் நாட்டுக்கு அளிக்கும் பயனும், அதன் பங்குதாரருக்குக் கிடைக்கும் ஈவும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறிய அந்தமானே தக்க சான்றாக உள்ளது.

மூன்று நிறுவனங்கள்

இத்தீவுகளில் மரபுசாரா மின்சக்திப் பணியில் ஈடுபட்ட பொதுத்துறை நிறுவனங்களுள் மூன்று, பங்குச் சந்தையில் இடம்பெற்றவை. வட அந்தமானில் டிக்லிப்பூருக்கு அருகேயுள்ள கல்பாங் நீர்மின் நிலையத்தை தேசிய நீர்மின் கழகம் (என்.எச்.பி.சி.) 2001-இல் கட்டி முடித்தது. இதன் திறன் 5.25 மெகாவாட். தேசிய அனல்மின் கழகம் (என்.டி.பி.சி.) 2013-இல் கராச்சர்மாவில் 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்றை அமைத்தது. தமிழக மக்கள் நன்கறிந்த நெய்வேலி நிறுவனமான என்.எல்.சி., ஆட்டம்பகாட், டாலிகஞ்ச் ஆகிய இரு இடங்களிலும் சேர்த்து 20 மெகாவாட் சூரிய மின்திறனை 2020-இல் நிறுவி முடித்தது. மேகம் மறைக்கும்போது சிறிய மின்தொகுப்பு தடுமாறாதிருக்க, இத்திட்டத்தில் 8 மெகாவாட்-மணி கொள்ளளவுள்ள மின்கல அடுக்கும் இணைக்கப்பட்டது. ஆண்டில் இரு பருவமழைகளைக் காணும் தீவுகளில் இஃது இன்றியமையாத ஏற்பாடாகும்.

தீவுவாசி ஒருவர், தம் வீட்டுக்கு ஒளி தரும் நிலையத்தில் தாமும் பங்காளியாகலாம் என்ற விருப்பத்தால் இந்நிறுவனங்களின் பங்குகளை வாங்கினால், அவருக்கு உண்மையில் கிடைப்பது என்ன? கல்பாங் நிலையம் என்.எச்.பி.சி. பிறர் பொருட்டுக் கட்டிக்கொடுத்த நிலையங்களுள் ஒன்று. அதன் வருவாய் இன்று பங்குதாரருக்குச் சேர்வதில்லை. என்.எல்.சி.யின் சூரிய மின்திறன் நாடு முழுவதிலுமாக 1,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் அந்தமானின் பங்கு இரண்டு சதவீதத்தைக்கூட எட்டாது. அந்நிறுவனத்தின் வருவாயில் மிகப் பெரும்பகுதி பழுப்பு நிலக்கரியிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. சூரியசக்தியை எண்ணி என்.எல்.சி. பங்கை வாங்குபவர், பெரும்பாலும் சுரங்கத்தையே வாங்குகிறார்.

நிறுவனத்தின் ஆண்டறிக்கையில், வருவாய் எந்தத் தொழிலிலிருந்து எவ்வளவு வருகிறது என்று துறைவாரியாகப் பிரித்துக் காட்டும் பகுதி உண்டு. பெயரிலும் விளம்பரத்திலும் காணும் பசுமையைவிட அப்பகுதியே நம்பத்தக்கது.

மிச்சமாகும் டீசல் யாருக்கு?

டீசல் மிச்சமாவதால் விளையும் இலாபம் மின் உற்பத்தி நிறுவனத்துக்குச் செல்வதில்லை. மானியச் சுமை குறைவதன் வாயிலாக அரசின் கருவூலத்துக்கே சேர்கிறது. நிறுவனம் பெறுவது, நீண்டகால மின்கொள்முதல் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட விலையே. இவ்வொப்பந்தங்கள் பொதுவாக 25 ஆண்டுகளுக்கானவை. எரிபொருள் செலவு இல்லை என்பது உண்மையே. ஆனால் முதலீடு முழுவதும் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் கடனாகப் பெற்று, செய்யப்பட வேண்டும். எனவே வட்டி விகிதம் சிறிது உயர்ந்தாலும் இலாபம் வெகுவாகச் சுருங்கும்.

பெருநிலத்தில் நிலைமை இன்னும் கடுமையானது. ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்காவுக்கான ஏலத்தில் 2017 மே மாதம் ஒரு யூனிட் விலை ரூ. 2.44 ஆக இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத்தில் ரூ. 1.99 ஆயிற்று. இதைக் கண்டு நுகர்வோர் மகிழலாம். பங்குதாரரோ, இவ்விலையில் மின்சாரம் விற்ற பின் தமக்கு மிஞ்சுவது யாது என்று கணக்கிட வேண்டும்.

வாங்கும் விலை

என்.எச்.பி.சி. 2009 ஆகஸ்டில் பங்கு ஒன்றை ரூ. 36-க்கு மக்களுக்கு வழங்கியது. அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாகச் சந்தை விலை பெரும்பாலும் அதற்குக் கீழேயே இருந்தது. அருணாசலப் பிரதேசம்-அசாம் எல்லையிலுள்ள சுபன்சிரி திட்டத்தின் பணி 2011 டிசம்பர் முதல் 2019 அக்டோபர் வரை நின்றுபோனதும், பெருந்தொகை வருவாயின்றி முடங்கியதும் இங்கு நினைவுகூரத்தக்கன. 2024-இல் அதே பங்கு ரூ. 100-ஐக் கடந்தது. இடைப்பட்ட காலத்தில் ஈவுத்தொகை கிடைத்து வந்தது என்றாலும், மகளின் படிப்புக்கென்று ஐந்தாண்டுத் தவணையில் முதலிட்டவருக்கு அது போதிய ஆறுதல் ஆகாது.

1987-இல் நிறுவப்பட்ட இந்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி வளர்ச்சி முகமை, மின்நிலையம் கட்டுவதில்லை. கட்டுவோருக்குக் கடன் அளிக்கிறது. 2023 நவம்பரில் ரூ. 32-க்கு வெளியிடப்பட்ட அதன் பங்கு 2024 ஜூலையில் ரூ. 300-ஐத் தாண்டியது, 2025 மார்ச்சில் ஏறத்தாழ அதில் பாதியாயிற்று. என்.டி.பி.சி.யின் துணை நிறுவனமான என்.டி.பி.சி. கிரீன் எனர்ஜி 2024 நவம்பரில் ரூ. 108-க்கு வெளியிட்ட பங்கு, டிசம்பரில் உயர்ந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே வெளியீட்டு விலைக்குக் கீழே சென்றது. இச்சில மாதங்களில் சூரியன் மங்கிவிடவில்லை. மாறியது முதலீட்டாளரின் எதிர்பார்ப்பு மட்டுமே.

தனியார் துறையில் சுஸ்லான் நிறுவனத்தின் வரலாறு இன்னும் பாடம் மிக்கது. 2005-இல் ரூ. 510-க்கு வெளியிடப்பட்ட ரூ. 10 முகமதிப்புள்ள பங்கு, 2008-இல் ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. கடன் பெற்று வெளிநாட்டு நிறுவனத்தை வாங்கியதும், 2012-இல் வெளிநாட்டுக் கடன்பத்திரங்களைத் திருப்பித் தர இயலாமற் போனதும் அதனை வீழ்த்தின. 2020-இல் பிரிக்கப்பட்ட பங்கின் விலை ரூ. 3-க்கும் கீழே இருந்தது. அவ்வாண்டுகளிலெல்லாம் நாட்டின் காற்றாலை மின்திறன் வளர்ந்துகொண்டேதான் இருந்தது! துறை வளர்வது வேறு, அத்துறையிலுள்ள ஒரு நிறுவனம் செழிப்பது வேறு.

பிற வழிகள்

பங்கு விலையின் ஏற்றத்தாழ்வைத் தாங்க இயலாதோர்க்கு அரசின் பசுமைக் கடன்பத்திரங்கள் உள்ளன. இவை முதன்முதலாக 2023 ஜனவரியில் ரூ. 8,000 கோடிக்கு வெளியிடப்பட்டபோது ஐந்தாண்டுப் பத்திரத்துக்கு 7.10 சதவீதமும், பத்தாண்டுப் பத்திரத்துக்கு 7.29 சதவீதமும் வட்டி அமைந்தது. 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் நேரடிச் சில்லறைத் திட்டத்தின் வழியே தனிநபரும் அரசுப் பத்திரங்களை வாங்கலாம்.

மற்றொன்று வீட்டுக் கூரை. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ. 78,000 உதவி உண்டு. அந்தமானுக்குப் பத்து சதவீதம் கூடுதல். ஆயினும் இங்கே ஒரு முரண்பாடு நேர்கிறது. தீவுகளில் மின்கட்டணம் மானியத்தால் குறைவாக இருப்பதால், கூரையில் உற்பத்தியாகும் யூனிட்டால் வீட்டுக்காரருக்கு மிச்சமாவது அக்குறைந்த கட்டணமே. அரசுக்கு மிச்சமாவதோ அதைவிட மிகுந்த டீசல் செலவு. உதவித்தொகையைச் சற்றுத் தாராளமாக நிர்ணயிக்க இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

தீவுகளில் மாதச் சம்பளம் பெறுவோரில் அரசு ஊழியர் பலர். மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் (1964), 16-ஆம் விதியின்படி, அவர்கள் பங்குகளில் ஊக வாணிபம் செய்யலாகாது. அடிக்கடி வாங்கி விற்பதே ஊக வாணிபமாகக் கொள்ளப்படும். பங்குத் தரகர் வாயிலாக எப்போதேனும் செய்யும் முதலீட்டுக்குத் தடையில்லை. ஒரு நாட்காட்டி ஆண்டில் இத்தகைய பரிமாற்றங்களின் மொத்தம் ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தை மிஞ்சுமாயின், அடுத்த ஆண்டு ஜனவரி 31-க்குள் உரிய அதிகாரிக்குப் படிவத்தில் தெரிவித்தல் வேண்டும்.