கம்பியில்லா நிகழ்பட அனுப்பி

கம்பியில்லா நிகழ்பட அனுப்பி என்பது, ஓர் அறையில் உள்ள செட் டாப் பாக்ஸ், டிவிடி இயக்கி, நிகழ்படப் பதிவுக் கருவி போன்றவற்றிலிருந்து வெளிவரும் படத்தையும் ஒலியையும், அதே வீட்டின் வேறோர் அறையில் உள்ள தொலைக்காட்சிப் பெட்டிக்கு வானொலி அலைகள் மூலம் கொண்டு செல்லும் மின்னணுக் கருவி ஆகும். வீடியோ சென்டர் என்ற பெயரில் இது கடைகளில் விற்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியிலும் 2000களிலும் பிரித்தானியாவிலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும் பரவலாகப் பயன்பட்டது.

சுவரில் துளையிடாமலும் வடம் இழுக்காமலும் மற்றோர் அறையில் படம் பார்க்க இயலும் என்பதே இதன் சிறப்பு. எனினும் இக்கருவி ஒரு சிறிய ஒளிபரப்பு நிலையம் போன்றது. சுவரைக் கடந்து படுக்கையறையை அடையும் அலை, அதே போன்று பக்கத்து வீட்டையும் தெருவையும் அடைகிறது. இதன் பயன்களும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஓர் இயல்பிலிருந்தே தோன்றுகின்றன.

தேவை

தரைவழி ஒளிபரப்பை ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியும் தனக்குரிய ஆண்டெனாவின் உதவியுடன் நேரடியாகப் பெற்றுக்கொள்ளும். செயற்கைக்கோள் ஒளிபரப்பு அவ்வாறானது அன்று. கூரையில் உள்ள வட்டில் இருந்து வரும் குறிகையை முதலில் ஒரு செட் டாப் பாக்ஸ் பெற்று, மறைகுறியை நீக்கிய பின்னரே தொலைக்காட்சியில் படம் தோன்றும். பிரித்தானியாவில் 1998 அக்டோபரில் இலக்கமுறை செயற்கைக்கோள் ஒளிபரப்பு தொடங்கியது. அதன் பின்னர் வரவேற்பறையில் ஒரு பெட்டியும், சமையலறையிலோ படுக்கையறையிலோ இரண்டாவது தொலைக்காட்சியும் இருக்கும் வீடுகள் பெருகின. இரண்டாவது அறைக்குத் தனிப் பெட்டி வாங்கினால் கூடுதல் சந்தா செலுத்த வேண்டும். புதிய வடமும் இழுக்க வேண்டும். வாடகை வீட்டில் குடியிருப்போருக்குச் சுவரைத் துளையிட உரிமை இருப்பதில்லை. இவ்விடத்தில் நிகழ்பட அனுப்பி ஒரு மலிவான தீர்வாக அமைந்தது.

பாகங்கள்

இது இரண்டு சிறு பெட்டிகளின் தொகுதியாகும்.

பரப்பி: இது மூலக் கருவியின் அருகே வைக்கப்படும். மூலக் கருவியின் படமும் ஒலியும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறச் செருகிகள் வழியாகவோ, ஐரோப்பாவில் வழங்கிய 21 முனை ஸ்கார்ட் இணைப்பி வழியாகவோ இதனுள் செல்லும்.

ஏற்பி: இது இரண்டாவது தொலைக்காட்சியின் அருகே வைக்கப்படும். வானலையிலிருந்து பிரித்தெடுத்த படத்தையும் ஒலியையும் அதே வகைச் செருகிகள் வழியாகத் தொலைக்காட்சிக்கு அளிக்கும்.

இரண்டு பெட்டிகளிலும் திருப்பக்கூடிய தட்டை வடிவ ஆண்டெனாவும், தடத்தைத் தெரிவு செய்யும் நிலைமாற்றியும் இருக்கும். இரண்டும் ஒரே தடத்தில் வைக்கப்பட்டால் மட்டுமே படம் கிடைக்கும்.

இயங்கும் முறை

பால் முறைத் தொலைக்காட்சிப் படம் 625 கோடுகளால் ஆனது; நொடிக்கு 25 படங்கள் காட்டப்படுகின்றன. இதற்குரிய மின்குறிகை ஏறத்தாழ 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் கொண்டிருக்கும். இக்குறிகையை அப்படியே வானில் செலுத்துதல் இயலாது. எனவே உயர் அதிர்வெண் கொண்ட ஊர்தி அலை ஒன்றின் மீது அது ஏற்றப்படுகிறது. இதுவே பண்பேற்றம் எனப்படும்.

ஒப்புமைத் தரைவழித் தொலைக்காட்சி நிலையங்கள் படத்துக்கு வீச்சுப் பண்பேற்றத்தைப் பயன்படுத்தின. ஒப்புமை நிகழ்பட அனுப்பிகளோ அதிர்வெண் பண்பேற்றத்தைப் பயன்படுத்தின. வீட்டுக்குள் ஆட்கள் நடமாடும்போதும் கதவுகள் திறந்து மூடும்போதும் அலையின் வலிமை ஓயாமல் ஏறி இறங்கும். வீச்சுப் பண்பேற்றத்தில் இந்த ஏற்ற இறக்கம் படத்தின் வெளிச்சத்தில் நேரடியாகத் தெரியும். அதிர்வெண் பண்பேற்றத்தில் செய்தி அலையின் வீச்சில் இல்லாமல் அதிர்வெண்ணில் அடங்கியிருப்பதால், குறிகை ஓரளவு வலுவாக உள்ள வரை படம் தெளிவாகவே இருக்கும். இதற்குக் கொடுக்கும் விலை பட்டை அகலம் ஆகும். 5 மெகாஹெர்ட்ஸ் படத்தை அனுப்ப அதைப் போல் பல மடங்கு அகலமான இடம் வானலையில் தேவைப்படுகிறது.

ஒலியின் இடது, வலது பகுதிகள் தனித்தனித் துணை ஊர்தி அலைகளில் ஏற்றப்பட்டு, படத்தோடு சேர்த்து அனுப்பப்படுகின்றன.

ஒப்புமைக் கருவிகள் படத்தைச் சேமிப்பதோ சுருக்குவதோ இல்லை. ஆகையால் இரு அறைகளிலும் படம் ஒரே கணத்தில் தோன்றும்.

தொலையியக்கி இணைப்பு

படுக்கையறையில் இருப்பவர் அலைவரிசையை மாற்ற விரும்பினால் என்ன செய்வது? தொலையியக்கியின் அகச்சிவப்புக் கதிர் சுவரைக் கடக்காது. ஆகவே பல கருவிகளில் எதிர்த்திசையில் செயற்படும் மற்றொரு வானொலி இணைப்பும் சேர்க்கப்பட்டது. ஏற்பியில் உள்ள உணரி அகச்சிவப்புத் துடிப்புகளைப் பெற்று, 433.92 மெகாஹெர்ட்ஸ் அலையாக மாற்றி அனுப்பும். பரப்பி அதனை மீண்டும் அகச்சிவப்புத் துடிப்புகளாக மாற்றி, செட் டாப் பாக்ஸின் முன் ஒட்டப்பட்ட சிறு ஒளியுமிழ் இருமுனையம் வழியாக வெளியிடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில மின்சேமிப்பு விளக்குகளும் பிளாஸ்மா தொலைக்காட்சிகளும் அகச்சிவப்புக் கதிரை வெளியிடுபவை. உணரி அவற்றைக் கட்டளை எனப் பிழையாகக் கொண்டு, இடைவிடாது அலைபரப்பக்கூடும். ஐரோப்பாவில் மகிழுந்துகளின் தொலைச் சாவிகளும் 433.92 மெகாஹெர்ட்ஸிலேயே இயங்குவதால், அருகில் நிற்கும் மகிழுந்தின் கதவு சாவிக்குத் திறக்காமல் போகவும் இது காரணமாகலாம்.

அதிர்வெண் பட்டை

உரிமம் இல்லாமல் அலைபரப்புவதை நாடுகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. பிரித்தானியாவில் 1949 ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இதனைக் குற்றமாக வரையறுத்தது. 2006 ஆம் ஆண்டின் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. எனினும், சில பட்டைகளில் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. அவற்றுள் முதன்மையானது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை ஆகும்.

ஐரோப்பாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இப்பட்டையில், நிகழ்பட அனுப்பி போன்ற கருவிகளுக்கு 10 மில்லிவாட் என்ற திறன் வரம்பு உள்ளது. இது ஒரு வாட்டின் நூறில் ஒரு பங்கு. பொதுவாக நான்கு தடங்கள் பயன்படுத்தப்பட்டன: 2414, 2432, 2450, 2468 மெகாஹெர்ட்ஸ். பின்னர் 5.8 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் கருவிகள் வெளிவந்தன. அப்பட்டையில் நெரிசல் குறைவு. ஆனால் சுவர்களைக் கடக்கும்போது அலை வலுவிழப்பது அதிகம்.

இந்தியாவில் 2400–2483.5 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கும் விதிகள் 2005 இல் வெளியிடப்பட்டன.

குறுக்கீடு

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை பலருக்கும் பொதுவான நிலம் போன்றது. நுண்ணலை அடுப்புகள் ஏறத்தாழ 2450 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அடுப்பின் உள்ளே பல நூறு வாட் திறன் இருப்பதால், அதிலிருந்து கசியும் மிகச் சிறு பகுதியே நிகழ்பட அனுப்பியின் படத்தில் கோடுகளைத் தோற்றுவிக்கப் போதுமானது. புளூடூத் கருவிகளும் சில கம்பியில்லாத் தொலைபேசிகளும் இதே பட்டையைப் பகிர்ந்துகொள்கின்றன.

இவற்றுள் மிகுந்த பாதிப்புக்கு உள்ளானது வை-ஃபை எனப்படும் கம்பியில்லாக் கணினி வலையமைப்பு. வை-ஃபை கருவி பேசுவதற்கு முன் கேட்கும் இயல்புடையது. தடத்தில் வேறு அலை இருந்தால் காத்திருந்து, அமைதியான பிறகே தரவுப் பொதியை அனுப்பும். ஒப்புமை நிகழ்பட அனுப்பியோ கேட்பதில்லை, நிறுத்துவதும் இல்லை. தொலைக்காட்சி அணைக்கப்பட்டிருந்தாலும், பரப்பிக்கு மின்சாரம் உள்ள வரை அது தொடர்ந்து அலைபரப்பும். எனவே அருகில் உள்ள வை-ஃபை கருவி முடிவின்றிக் காத்திருக்க நேரிடும். அனுப்பிய பொதிகளும் சிதையும். ஒப்புமை நிகழ்பட அனுப்பி ஒன்றே தன் சுற்றுவட்டாரத்தில் வை-ஃபை சேவையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்பதைப் பிரித்தானிய ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காமுக்காக 2009 இல் தயாரிக்கப்பட்ட ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது.

பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் கருவியின் உரிமையாளர் அல்லர். சுவருக்கு அப்பால் வாழும் அயலவரே. தம் இணைய இணைப்பு ஏன் மாலை வேளைகளில் துண்டிக்கப்படுகிறது என்பதை அவரால் எளிதில் அறிந்துகொள்ள இயலாது. கருவியை வைத்திருப்பவருக்கும் தாம் பிறருக்கு இடையூறு செய்வது தெரியாது. உரிமம் தேவைப்படாத பட்டையில் குறுக்கீட்டிலிருந்து எவருக்கும் பாதுகாப்பு உறுதியளிக்கப்படுவதில்லை.

இரண்டையும் ஒரே வீட்டில் பயன்படுத்துவோர் தடங்களை விலக்கி வைக்கலாம். வை-ஃபையின் 1, 6, 11 ஆம் தடங்களின் மையங்கள் முறையே 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸ் ஆகும். நிகழ்பட அனுப்பி 2468 இல் இருந்தால் வை-ஃபையை 1 ஆம் தடத்திலும், 2414 இல் இருந்தால் 11 ஆம் தடத்திலும் வைப்பது நன்று. பயன்படுத்தாத வேளையில் பரப்பியின் மின்னிணைப்பைத் துண்டிப்பது இதைவிடச் சிறந்த வழி.

அந்தரங்கம்

ஒப்புமை நிகழ்பட அனுப்பிகள் படத்தை மறைகுறியாக்குவதில்லை. அதே தடத்துக்கு இசைவிக்கப்பட்ட எந்த ஏற்பியும் அப்படத்தைக் காட்டும். செட் டாப் பாக்ஸின் படம் அயலவருக்குத் தெரிந்தால், அவர் எந்த நிகழ்ச்சி பார்க்கிறார் என்பது மட்டுமே வெளிப்படும். ஆனால் இதே நுட்பம் குழந்தைகளின் அறையிலும் வாசலிலும் பொருத்தப்படும் கம்பியில்லாப் படக்கருவிகளிலும் பயன்பட்டது. அப்போது வெளியே செல்வது வீட்டின் உட்புறக் காட்சியே ஆகும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், எளிதில் வாங்கக்கூடிய ஓர் ஏற்பியுடன் தெருக்களில் மகிழுந்தில் சென்றவர்கள் வீடுகளின் உட்புறக் காட்சிகளைப் பார்க்க முடிந்ததை, 2002 இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் செய்தியாக வெளியிட்டது. பூட்டிய கதவும் இழுத்த திரையும் வானொலி அலைக்குத் தடையல்ல என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இடத்தெரிவு

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ. ஆகும். பரப்பியிலிருந்து நேராக வரும் அலையும், சுவர்களிலும் உலோகப் பொருட்களிலும் பட்டுத் திரும்பி வரும் அலைகளும் ஏற்பியில் ஒன்றுசேர்கின்றன. அவை ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். சில சென்டிமீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். படம் தெளிவாக இல்லாவிடில் கருவியை வேறு அறைக்கு மாற்றுவதற்கு முன், கையளவு நகர்த்திப் பார்ப்பதே பயன் தரும்.

பின்வருவனவும் கருத்தில் கொள்ளத்தக்கவை:

* உற்பத்தியாளர்கள் குறிப்பிடும் தொலைவு தடையற்ற திறந்த வெளிக்கு உரியது. வீட்டினுள் அது மிகவும் குறையும்.
* கம்பி பதித்த காங்கிரீட் சுவர், உலோக அலமாரி, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி ஆகியன அலையைத் தடுக்கும் அல்லது உறிஞ்சும்.
* பரப்பியைத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம் மறைத்து வைத்தல் கூடாது.
* இரு ஆண்டெனாக்களின் தட்டைப் பகுதிகளும் ஒன்றையொன்று நோக்கி இருக்க வேண்டும்.

வரம்புகள்

நிகழ்பட அனுப்பி ஒரு மூலத்தைப் பகிர்கிறதே அன்றி இரண்டாக்குவதில்லை. ஒரே செட் டாப் பாக்ஸ் இருப்பதால் இரு அறைகளிலும் ஒரே அலைவரிசையே தெரியும். படுக்கையறையில் ஒருவர் அலைவரிசையை மாற்றினால், வரவேற்பறையில் இருப்பவரின் நிகழ்ச்சியும் மாறிவிடும். மேலும், ஒப்புமைக் கருவிகளால் உயர் வரையறைப் படத்தை அனுப்ப இயலாது.

பின்வந்த நுட்பங்கள்

1920 × 1080 புள்ளிகள் கொண்ட படத்தை, புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படங்கள் என்ற அளவில் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 299 கோடி பிட்டுகள் தேவைப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம் இதற்குப் போதாது. ஆகவே இரு வழிகள் மேற்கொள்ளப்பட்டன. ஒன்று, அகன்ற பட்டையை நாடுதல்: 2008 இல் வெளியான வயர்லெஸ் எச்டி தரம் 60 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பயன்படுத்தியது. அந்த அலை சுவரைக் கடப்பது அரிதாகையால், அது ஓர் அறைக்குள் மட்டுமே பயன்பட்டது. மற்றொன்று, படத்தைச் சுருக்கி வை-ஃபை வழியாகவே அனுப்புதல்: 2012 இல் அறிமுகமான மிராகாஸ்ட் இவ்வகையைச் சேர்ந்தது. இதில் மறைகுறியாக்கம் உண்டு. ஆனால் படம் சிறிது தாமதமாகத் தோன்றும்.

இணையம் வழியாகத் தொலைக்காட்சி பார்க்கும் வழக்கம் பரவியபின், ஒரு பெட்டியின் படத்தை மற்றோர் அறைக்கு அனுப்பும் தேவையே பெரிதும் குறைந்தது. ஒவ்வொரு தொலைக்காட்சியும் தனக்கு வேண்டிய நிகழ்ச்சியை வலையமைப்பிலிருந்து நேரடியாகப் பெறுகிறது. ஆயினும் ஒப்புமை அனுப்பியின் நுட்பம் மறைந்துவிடவில்லை. பந்தயங்களில் பறக்கும் சிறு ஆளில்லா வானூர்திகளை, அவற்றின் படக்கருவி காட்டும் காட்சியைப் பார்த்தே இயக்குவோர் உள்ளனர். தாமதமின்மையே அவர்களுக்கு இன்றியமையாதது. ஆகையால் 5.8 கிகாஹெர்ட்ஸில் அதிர்வெண் பண்பேற்றம் செய்யப்பட்ட ஒப்புமைப் படம் அங்கு இன்னும் பயன்பட்டு வருகிறது.