கொழுந்துக் கணக்கு கைத்தொலைபேசி முகப்பில்

கொழுந்து நிறுக்கும் இடத்தில் எழுதப்படும் கிலோக்கணக்கு தொழிலாளியின் கையிலும் இருக்க வேண்டும். ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் கணினி கற்கும் நம் இளைஞர்கள் இதற்கு வழி செய்யலாம். முகப்புத் திரையிலேயே பட்டியலைக் காட்டும் ‘விட்ஜெட்’ வசதி 2011 இல் அண்ட்ரொய்ட் 3.0 உடன் வந்தது. இதில் நம் செயலி திரையில் நேரடியாக எழுதுவதில்லை. ‘ரிமோட்வியூஸ் ஃபெக்டரி’ என்ற பகுதி வரிவரியாகத் தயாரித்துக் கொடுக்க, முகப்புத்திரை அதைக் காட்டுகிறது. தரவு மாறியதை அறிவிக்காவிட்டால் பழைய பட்டியலே நிற்கும். தானாகப் புதுப்பிக்கும் இடைவெளியும் 30 நிமிடத்துக்குக் குறையாது. சிக்னல் எட்டாத லயங்களில் நேற்றைய கணக்கு இன்றையதாகத் தோன்றலாம். ஆகவே தரவைத் தொலைபேசியிலேயே சேமியுங்கள். கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைப் பட்டியலின் தலைப்பில் காட்டுங்கள். ஒரு கிலோ குறைந்தாலும் சம்பள நாளுக்கு முன்பே கேட்டுவிடலாம்.