ஆகாரும் யோசேப்பும்: பாலியல் வன்முறை, இனம், முதலாளித்துவம் பற்றிய பெண்ணிய நோக்கு

பாலியல் வன்முறையைத் தனிமனிதனின் இச்சையிலிருந்து பிறக்கும் பாவமாக மட்டுமே கருதுவது திருச்சபையின் நெடுங்கால வழக்கம். அது பாவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பாவத்தைச் செய்தவன் ஏன் தண்டனைக்கு அஞ்சவில்லை, அதனால் துன்புற்றவளின் சொல் ஏன் செவிகொடுத்துக் கேட்கப்படவில்லை என்னும் வினாக்களுக்கு இச்சை என்னும் ஒரு சொல் விடையாகாது. இவ்வினாக்களை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறுப்பினப் பெண்ணியர்கள் கூர்மையாக எழுப்பியுள்ளனர். அவர்களுடைய ஆய்வைச் சுருக்கமாக விளக்கி, திருமறையின் ஒளியில் அதனை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. உடைமையாக்கப்பட்ட உடல்

1662-ஆம் ஆண்டில் வர்ஜீனியாக் குடியேற்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒரு குழந்தை அடிமையா, சுயாதீனனா என்பது அதன் தாயின் நிலையைப் பொறுத்ததே என்று அச்சட்டம் விதித்தது. பிள்ளை தந்தையின் நிலையைப் பின்பற்றும் என்னும் ஆங்கில மரபு இவ்வாறு தலைகீழாக்கப்பட்டது. விளைவு யாது? எசமான் தன் அடிமைப் பெண்ணை வன்முறையால் கூடிப் பெற்ற பிள்ளையும் அவனுடைய சொத்தாகவே பிறந்தது. அவனது குற்றம் அவனுக்கு ஊதியமாயிற்று. 1808-ஆம் ஆண்டு முதல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டபின், கறுப்பினப் பெண்ணின் கருப்பையே அடிமைகளின் தொகையைப் பெருக்கும் வழியாயிற்று. 1860-இல் அடிமைகளின் தொகை ஏறத்தாழ 40 இலட்சம். அவர்கள் பறித்த பருத்தியே லங்காஷயர் ஆலைகளையும் நியூ இங்கிலாந்து ஆலைகளையும் இயக்கிற்று. ஆகவே அடிமைப் பண்ணையின் கொடுமை ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்த பழமையன்று. நவீன முதலாளித்துவத்தின் அடித்தளங்களுள் ஒன்று.

சீலியா என்னும் இளம்பெண்ணின் வழக்கு இதனை விளக்கும். மிசூரி மாநிலத்தில் ஏறக்குறைய பதினான்கு வயதில் விலைக்கு வாங்கப்பட்ட அவள், ஐந்தாண்டுகள் எசமானின் வன்முறைக்கு உட்பட்டாள். 1855-இல் அவனைத் தடுக்க முயன்றபோது அவன் அவள் கையால் மாண்டான். எந்தப் பெண்ணுக்கும் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்னும் கருத்தில் மாநிலச் சட்டம் அமைந்திருந்தது. ஆனால் அடிமைப் பெண்ணுக்கும் அவ்வுரிமை உண்டென்று நடுவர்குழுவுக்கு அறிவுறுத்த நீதிபதி மறுத்தார். அவ்வாண்டு டிசம்பர் மாதம் அவள் தூக்கிலிடப்பட்டாள். ‘பெண்’ என்னும் சொல்லுக்குள் அவளுக்கு இடமில்லாமற் போயிற்று.

2. பொய்க் காரணமும் கும்பற்கொலையும்

அடிமைத்தனம் 1865-இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் வேறொரு கதை பரப்பப்பட்டது. கறுப்பின ஆண்கள் இயல்பாகவே வெள்ளைப் பெண்களுக்கு ஆபத்தானவர்கள். ஆதலால் அவர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வது பெண்களைக் காப்பதற்கே என்பது அக்கதை. 1892-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மெம்பிஸ் நகரில் மூன்று கறுப்பின ஆண்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான தாமஸ் மாஸ், பத்திரிகையாசிரியை ஐடா பி. வெல்ஸின் நண்பர். அம்மூவர்மீதும் எப்பெண்ணும் குற்றஞ்சாட்டியதில்லை. அவர்கள் நடத்திய மளிகைக்கடை, அருகிலிருந்த வெள்ளையர் கடைக்குப் போட்டியாயிருந்தது என்பதே பகைக்கு மூலம்.

இது வெல்ஸின் கண்களைத் திறந்தது. வெள்ளையர் பத்திரிகைகளே வெளியிட்ட விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தபோது, கொல்லப்பட்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்மீது மட்டுமே பாலியல் குற்றம் சாட்டப்பட்டிருந்தது என அவர் கண்டார். அக்குற்றச்சாட்டுகளுள்ளும் பல ஆதாரமற்றவை. இதனை எழுதியதற்காக அவருடைய பத்திரிகை அலுவலகம் அழிக்கப்பட்டது. ஆயினும் 1892-இலும் 1895-இலும் அவர் நூல்களாகவே தம் சான்றுகளை வெளியிட்டார். கறுப்பினப் பெண்களுக்கு வெள்ளை ஆண்கள் இழைத்த வன்முறைக்கு மட்டும் தண்டனை இல்லையே என்பதையும் அவர் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

நீதிமன்றங்களும் இப்போக்கிலிருந்து விடுபடவில்லை. 1930 முதல் அந்நாட்டில் பாலியல் வன்முறைக்காக மரணதண்டனை பெற்று மாண்டவர் 455 பேர். அவர்களுள் 405 பேர் கறுப்பினத்தார். வயதுவந்த பெண்மீது இழைக்கப்பட்ட இக்குற்றத்திற்கு மரணதண்டனை கூடாதென உச்சநீதிமன்றம் தீர்த்தது 1977-இல்தான்.

இதன் மறுபக்கத்தையும் காண்போம். 1944-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அலபாமாவின் ஆபிவில் ஊரில், ஆலய ஆராதனை முடிந்து வீடு திரும்பிய ரேசி டெய்லர் என்னும் இளந்தாயை வெள்ளை இளைஞர் அறுவர் கடத்திச்சென்று வன்முறைக்கு உட்படுத்தினர். பேருந்துப் புறக்கணிப்பால் பின்னர் உலகறிந்த ரோசா பார்க்ஸ் அம்மையார் நேரில் சென்று விசாரித்து, நாடளாவிய ஆதரவைத் திரட்ட உதவினார். ஆயினும் இருமுறை கூடிய நடுவர்குழு எவர்மீதும் வழக்குத் தொடர இசையவில்லை. மாநிலச் சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது 2011-இல். அப்போது அவ்வம்மையாருக்கு வயது தொண்ணூறைக் கடந்திருந்தது.

3. கூலியும் மௌனமும்

அடிமைத்தனத்திற்குப்பின் கறுப்பினப் பெண்கள் பெருந்தொகையாய் வெள்ளையர் வீடுகளில் வேலைக்குச் சென்றனர். 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938-இன் கூலி, வேலைநேரச் சட்டமும் வீட்டுப் பணியாளரையும் பண்ணைத் தொழிலாளரையும் விலக்கிவைத்தன. இவ்விலக்கு இனத்தின் பெயரைச் சொல்லவில்லை; ஆனால் அதன் சுமை இனத்தின் வழியே இறங்கிற்று. வீட்டுக்குடையவனின் கையைத் தடுத்தால் அன்றாட அப்பமே போய்விடும் என்னும் நிலையில் இருப்பவளின் மௌனத்தை நாம் சம்மதம் என்று அழைக்கலாகாது.

4. பெண்ணியர்களிடையே எழுந்த விவாதம்

1975-இல் சூசன் பிரவுன்மில்லர் வெளியிட்ட நூல், பாலியல் வன்முறை இச்சையின் விளைவன்று, ஆதிக்கத்தின் கருவி என்பதை நிலைநாட்ட முயன்றது. இது பெரும் பயன் விளைத்தது. ஆனால் ஆஞ்செலா டேவிஸ் 1978-இல் எழுதிய கட்டுரையிலும் 1981-இல் வெளியிட்ட நூலிலும் அதன் குறையைச் சுட்டினார். எல்லா ஆண்களும் எல்லாப் பெண்களும் என்று பொதுவாகப் பேசும்போது, பொய்க் குற்றச்சாட்டினால் கறுப்பினத்தார் சிந்திய இரத்தம் மறைந்துவிடுகிறது என்றார். வன்முறை எதிர்ப்பு இயக்கத்தில் கறுப்பினப் பெண்கள் பெருவாரியாகச் சேராததற்குக் காரணம் அக்கறையின்மையன்று; தங்களைக் காவாத காவல்துறையை நம்பி எவ்வாறு நீதி தேடுவது என்னும் ஐயமே. உழைப்பவரின் உடலை இலாபத்தின் கருவியாக்கும் அமைப்பு, அதிகாரமுள்ள ஆணுக்கு அவ்வுடலின்மீது உரிமை உண்டென்னும் எண்ணத்தையும் வளர்க்கிறது என்பது அவருடைய முடிவு.

இம்முடிவை முழுமையாக ஏற்கலாமா? முதலாளித்துவத்தை ஒழித்ததாகக் கூறிய நாடுகளிலும் பெண்கள் வன்முறைக்கு உள்ளாயினர். தம் இனத்து ஆண்களாலும் கறுப்பினப் பெண்கள் துன்புற்றனர். எனவே பொருளாதாரம் மட்டுமே முழுக் காரணமாகாது. 1977-இல் பாஸ்டன் நகரைச் சார்ந்த கம்பாகி நதிக் குழுவினர் வெளியிட்ட அறிக்கை இதனை நன்குணர்ந்திருந்தது. இனவெறியை எதிர்ப்பதில் தம் ஆண்களோடு நிற்போம். பெண்ணடிமையைப் பற்றியோ அவர்களோடே போராடுவோம் என்பது அவர்கள் நிலை. ஒன்றையொன்று ஊடறுக்கும் ஒடுக்குமுறைகளுக்கு 1989-இல் கிம்பர்லி கிரென்ஷா என்னும் சட்ட அறிஞர் ஒரு தனிப்பெயரே சூட்டினார்.

5. திருமறையின் இரு சாட்சிகள்

ஆதியாகமம் இப்பொருளில் இரு சாட்சிகளை நம்முன் நிறுத்துகிறது. ஆகார் எகிப்திய அடிமை. எபிரெயக் குடும்பத்தில் வாழ்ந்தவள். அவளைத் தன் கணவனுக்குக் கொடுக்கும்போது சாராய் அவளுடைய விருப்பத்தைக் கேட்கவில்லை. சாராயும் ஆபிராமும் அவளைப் பெயர்சொல்லி அழைத்ததாக ஓரிடத்தும் இல்லை. வனாந்தரத்தில் தேவதூதரே முதலில் அழைக்கிறார். அவளோ தன்னைக் காண்கிறவர் என்று கடவுளுக்கே பெயரிடுகிறாள். டெலோரஸ் வில்லியம்ஸ் 1993-இல் எழுதிய நூலில், கறுப்பினப் பெண்களின் வரலாறு முழுவதையும் ஆகாரிடம் கண்டார்.

யோசேப்பு எபிரெய அடிமை. எகிப்தியர் வீட்டில் வாழ்ந்தவன். போத்திபாரின் மனைவி அவன்மீது குற்றஞ்சாட்டும்போது, வேலையாட்களிடம் அவன் எபிரெயன் என்பதையும், கணவனிடம் அவன் எபிரெய அடிமை என்பதையும் எடுத்துக்கூறுகிறாள். விசாரணையின்றி அவன் சிறை சேர்கிறான். இங்கே இனங்கள் இடம் மாறியிருப்பதை நோக்குக. ஒரு கதையில் ஆள்பவர் எபிரெயர், மற்றதில் எகிப்தியர். எவ்வினமும் இயல்பால் கொடியதன்று. ஓர் உடல் மற்றொருவரின் உடைமையாகும் இடத்தில், அதனைப் பயன்படுத்துவதும் எளிது, அதன்மீது பழிசுமத்துவதும் எளிது.

யோசேப்பின் கதையை மட்டும் சொல்லிக் குறைகூறும் பெண்களை வாயடைத்த பிரசங்கிகள் உண்டு. அவ்வாறு செய்வோர் ஆகாரை மீண்டும் வனாந்தரத்திற்குத் துரத்துகின்றனர். ஆகாருக்குச் செய்யும் நீதி யோசேப்பைப் பலியிட்டுப் பெறப்படலாகாது. யோசேப்புக்குச் செய்யும் நீதியும் ஆகாரின் மௌனத்தால் வாங்கப்படலாகாது.

6. திருச்சபையின் கடமை

1930-இல் ஜெசி டேனியல் ஏம்ஸ் அம்மையாரின் தலைமையில் தென்மாநில வெள்ளைப் பெண்கள், அவர்களுள் திருச்சபை மாதர் சங்கத்தினர் பலர், எங்கள் பெயரால் கொலை செய்யாதீர் என்னும் கருத்துடன் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அதில் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லை. கூட்டாட்சிச் சட்டத்தையும் அது ஆதரிக்கவில்லை. குறையுள்ள சாட்சிதான், ஆயினும் தங்களுக்கு நன்மையென்று சொல்லப்பட்ட பொய்யை அவர்கள் மறுத்தனர். அத்தகைய மறுப்பே மனந்திரும்புதலின் தொடக்கம்.

நம் நாட்டின் சாதியை அந்நாட்டின் இனத்தோடு எளிதில் சமன்படுத்தலாகாது, வரலாறுகள் வேறு. ஆனால் கேட்கவேண்டிய வினாக்களை நாம் அவர்களிடமிருந்து கற்கலாம். கற்பழிப்பு என்று நாம் நெடுங்காலம் வழங்கிய சொல்லே, குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, இழப்பைப் பெண்ணின்மேல் ஏற்றிவிடுகிறது. நம் சபையிலோ நிறுவனத்திலோ ஓர் எளிய பணிப்பெண் முறையிட வரும்போது, நிறுவனத்தின் நற்பெயர் என்னாகும் என்பதே நம் முதற் கேள்வியாய் இருக்குமானால், நாமும் அவளைப் பெயர்சொல்லி அழைக்க மறந்தவர்களே. அவளுக்கு யார் கூலி கொடுக்கிறார், அவள் பேசினால் எதை இழப்பாள் என்று முதலில் கேட்போமாக. அவளைக் காண்கிற கடவுள் நம்மையும் காண்கிறார்.