வாசலில் எவ்வளவு நேரம்?

எல்லைக்கு அப்பால் – 11

ஆந்திராவின் குப்பத்தில் சந்திரபாபு நாயுடுவுக்குச் சொந்த வீடு என்று ஒன்று அமைய 36 வருடம் ஆயிற்று. 1989-ல் அங்கே முதன்முதலாக ஜெயித்தவர், 2025 மே 25 அன்றுதான் சாந்திபுரம் மண்டலம் சிவபுரத்தில் கிரகப்பிரவேசம் செய்தார். நடுவில் நடந்த சட்டமன்றத் தேர்தல்கள் எல்லாவற்றிலும் அவருக்குத்தான் வெற்றி. முதல்வராகவும் எதிர்க்கட்சித் தலைவராகவும் மாறி மாறி இருந்த அந்தக் காலம் முழுக்க, சொந்தத் தொகுதிக்கு வந்து தங்கிப் போகிறவராகவே இருந்தார்.

2021 நவம்பரில் குப்பம் நகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. 25 வார்டுகளில் 19-ஐ, அப்போது ஆட்சியில் இருந்த ஜெகன்மோகன் ரெட்டியின் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் எடுத்துக்கொண்டது. ஆளுங்கட்சியின் அராஜகம், வெளியூர் ஆட்களை இறக்கிக் கள்ள ஓட்டு என்று நாயுடுவின் தெலுங்கு தேசம் புகார் சொன்னது. புகார் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் நாயுடு குப்பத்துக்கு அடிக்கடி வரத் தொடங்கினார், வீட்டு வேலையும் ஆரம்பித்தது. 2024-ல் சுமார் 48,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அதே 2024-ல் அவர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் குடும்பச் சொத்து 931 கோடி ரூபாய். நாட்டிலேயே பணக்கார முதல்வர் அவர்தான் என்று அந்த டிசம்பரில் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் பட்டியலிட்டது. எதிர்க்கட்சி இந்தச் சொத்தைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஆனால் குப்பத்து மேடைகளில் உறைத்தது வேறு பேச்சு: ‘இத்தனை வருஷம் ஜெயிக்க வைத்த ஊரில் ஒரு வீடு கட்டிக்கொள்ள மனசு வரவில்லையே!’ 931 கோடி இருப்பதை மன்னித்துவிட்ட ஊர், வீடு இல்லாததை மன்னிக்கத் தயங்கியது.

பணக்கார வேட்பாளர் சாதாரண ஜனத்திடமிருந்து விலகிப்போகிறாரா என்ற கேள்விக்கு, சித்தூர்ப் பக்கம் கிடைக்கும் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் பகுதியின் பெரும் பணம் எங்கோ வெளியே சம்பாதித்துக் கொண்டுவந்ததல்ல. நாயுடு குடும்பத்துச் சொத்தில் பெரும்பகுதி, மனைவி புவனேஸ்வரி பெயரில் உள்ள ஹெரிடேஜ் ஃபுட்ஸ் பங்குகள். 1992-ல் தொடங்கிய நிறுவனம். அதன் பால் பதப்படுத்தும் ஆலைகளில் ஒன்று சந்திரகிரிக்குப் பக்கத்துக் காசிபெண்ட்லாவில் இருக்கிறது. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002-ல் மூடப்பட்டதற்கும் ஹெரிடேஜ் வளர்ந்ததற்கும் முடிச்சுப் போட்டுப் பேசுவது ஜெகன் கட்சியின் நிரந்தர அரசியல். 2023 ஜூலையில் அதே பண்ணையை அமுல் நடத்த அடிக்கல் நாட்டியபோதும் அதையே பேசினார் ஜெகன். கல்லா குடும்பத்தின் பணமும் இந்த மண்ணில் சம்பாதித்ததுதான். திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் அமரராஜா பேட்டரி. அந்த வீட்டு மருமகள் அருணகுமாரி சந்திரகிரியின் எம்.எல்.ஏ.வாக இருந்தார், அமைச்சரானார். மகன் ஜெயதேவ் குண்டூருக்குப் போய் இரண்டு முறை எம்.பி. ஆனார்.

இந்த ஊர்க்காரர் ஒருவரின் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் பால் ஊற்றுவது வேட்பாளர் குடும்பத்தின் கம்பெனிக்கு. மகன் ஷிஃப்ட்டுக்குப் போவது இன்னொரு வேட்பாளர் குடும்பத்தின் தொழிற்சாலைக்கு. இவருக்கு அந்தப் பணக்காரர் அந்நியரே அல்ல. அவருடைய பங்களாவைப் பார்த்து இவர் முகம் சுளிப்பதில்லை. பால் பட்டுவாடா தள்ளிப்போனால்தான், மகனை வேலையை விட்டு நிறுத்தினால்தான், அந்த பங்களா கண்ணை உறுத்த ஆரம்பிக்கும்.

2025 ஜூன், ஜூலையில் மாங்காய் விலை விழுந்தபோது இதைக் கண்ணெதிரே காண முடிந்தது. சித்தூரின் உயிர்நாடி பெங்களூரா மாங்காய், நம் கிளிமூக்குதான். மரத்திலிருந்து இறக்கியதும் கூழ் ஆலைக்குப் போக வேண்டிய காய் அது, வீட்டில் வைத்திருக்க முடியாது. ஆலை வாசல்களில் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. மேலே அடுக்கிய காய் வெயிலில் வதங்க, அடியில் இருப்பது சூடேறிக் கசிய, டிராக்டர் நிழலிலேயே படுத்துக் கிடந்தார்கள் விவசாயிகள். ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஜூலை 9 அன்று பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்கு ஜெகன் வந்தார். போலீஸ் கட்டுப்பாடு, தள்ளுமுள்ளு, சாலையில் கொட்டிய மாங்காய். அவரும் நூற்றுக்கணக்கான கோடிகளுக்குச் சொந்தக்காரர்தான். ‘கோடீஸ்வரனுக்கு மாங்காய் மண்டியில் என்ன வேலை?’ என்று விவசாயி கேட்கவில்லை. வந்தாரா, வரவில்லையா என்பதே கணக்கு.

ஜெகனின் கதையே இதற்குப் பெரிய சாட்சி. 2017 நவம்பரிலிருந்து 2019 ஜனவரி வரை 3,648 கிலோமீட்டர் நடந்தார். 2019 தேர்தலில் பழைய சித்தூர் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் 13 அவருக்குக் கிடைத்தன. மிஞ்சியது குப்பம் மட்டும். முதல்வரான பிறகு அவர் போகிற வழியெல்லாம் தடுப்புகளும் திரைகளும் கட்டப்படுகின்றன என்று எதிர்க்கட்சிகள் ஓயாமல் சொல்லின. 2024 பிரசாரத்தில், இது ஏழைகளுக்கும் அவர்களை அடக்கியாளும் கூட்டத்துக்கும் நடக்கும் போர் என்றார். அதே 14-ல் இந்த முறை கிடைத்தது 2. நாயுடுவின் கைது, நில உரிமைச் சட்டம் கிளப்பிய பயம், வேலையில்லாத் திண்டாட்டம் என்று தோல்விக்குக் காரணம் பல உண்டு. ஆனால் நடந்து வந்தபோதும் அவர் பணக்காரர்தான், திரைக்குப் பின்னால் போனபோதும் பணக்காரர்தான். மாறியது அவருக்கும் ஜனத்துக்கும் நடுவே இருந்த இடம்.

திருப்பதி நகரம் இந்த அனுபவத்தை அதற்கு முன்பே பார்த்துவிட்டது. 2008 ஆகஸ்ட்டில் நடிகர் சிரஞ்சீவி தன் பிரஜா ராஜ்யம் கட்சியை அங்கேதான் தொடங்கினார். 2009-ல் பாலகொல்லு அவரைத் தோற்கடித்தது. திருப்பதி ஜெயிக்க வைத்தது. கட்சி காங்கிரஸில் கரைந்தது. 2012-ல் ராஜ்யசபா எம்.பி. ஆகி, திருப்பதி எம்.எல்.ஏ. பதவியை விட்டுவிட்டார். அந்த ஜூன் இடைத்தேர்தலில், 2009-ல் அவரிடம் தோற்ற பூமன கருணாகர் ரெட்டியையே ஊர் தேர்ந்தெடுத்தது.

மலையடிவாரத்து ஜனத்துக்குக் காத்திருப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். திருமலையில் சர்வ தரிசனத்துக்கு ஒரு வரிசை, 300 ரூபாய்க்கு ஒரு வரிசை, எம்.எல்.ஏ. கடிதத்தோடு வருகிறவர்களுக்கு வி.ஐ.பி. பிரேக். அந்தக் கடிதத்துக்காக எம்.எல்.ஏ. ஆபீஸில் காத்திருக்கும் கூட்டம் தனி. 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகத் திருப்பதியில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் செத்தார்கள். நம் ஊர்ப்பக்கத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு. கடிதம் வைத்திருக்கிற யாரும் அந்த இடத்தில் நின்றிருக்க மாட்டார்கள். பணக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள தூரத்தை நான் இப்படித்தான் அளக்கிறேன்: யார் காத்திருக்கிறார்கள், யார் காத்திருக்க வேண்டியதில்லை.

சட்டம் வேறு விதமாக அளக்கிறது. அருணாசலப் பிரதேச எம்.எல்.ஏ. காரிகோ கிரி வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. துணிமணி, செருப்பு, பாத்திரம் என்று ஒவ்வொன்றையும் வேட்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆடம்பர வாழ்க்கையைக் காட்டும் அளவுக்கு விலையுயர்ந்த பொருள்களை, உதாரணமாக உயர்ரகக் கைக்கடிகாரங்களை, மறைக்கக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. கடிகாரத்தின் விலை வாக்காளருக்குத் தெரியட்டும். அதைக் கட்டியிருப்பவர் தொகுதிக்கு எத்தனை மணி நேரம் தருவார் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

பங்களாவையும் காரையும்விட எனக்குக் கவலை தருவது தேர்தல் செலவு. சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 40 லட்சம். அதற்குள் முடிகிறது என்று ஆந்திராவிலும் சரி, இங்கேயும் சரி, நம்புகிறவர் யாருமில்லை. ஓட்டுக்குப் பணம் கொடுத்தவர், கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார். வாங்கியவருக்கும் அவர் வாசலில் போய் நின்று உரிமையோடு கேட்க வாய் வருவதில்லை. இந்த விலகலுக்கு முன்னால் மாளிகையும் மதில்சுவரும் ஒன்றுமே இல்லை. செலவுக்குத் தாங்குகிறவரையே கட்சிகள் தேடுவதால், 20 வருடம் கொடி கட்டிய தொண்டனுக்கு டிக்கெட் கிடைப்பதில்லை. 2024-ல் மக்களவைக்குப் போன 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள்.

இதற்கு நடுவில் திருப்பதியின் எம்.பி.யைப் பாருங்கள். தனித் தொகுதி அது. மத்திலா குருமூர்த்தி ஒரு பிசியோதெரபிஸ்ட். ஜெகனின் நடைபயணத்தில் கூடவே போனவர், பெரும் பணக்காரர் அல்லர். 2021 இடைத்தேர்தலில் 2.71 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தலைவர் கைகாட்டினார், ஜனம் ஓட்டுப் போட்டது என்றே அப்போது பலரும் எடுத்துக்கொண்டார்கள். 2024-ல் அந்த மக்களவைத் தொகுதியின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளிலும் அவர் கட்சி தோற்றது. எம்.பி. தேர்தலில் அவர் மட்டும் சுமார் 14,500 ஓட்டில் கரையேறினார். எதிரே நின்றது பா.ஜ.க. என்பதால் கூட்டணி ஓட்டு முழுசாக அங்கே போய்ச் சேரவில்லை என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. தனித் தொகுதிகளில் கட்சிகள் ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன, அப்படி வருகிறவருக்குத் தலைவர் வாசலில் எவ்வளவு மரியாதை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)