ஒரு லயத்துக்கு ஒரே கூரை

பங்குனி மாதத்து நடுப்பகல். தெரணியகலைப் பக்கம் ஒரு றப்பர்த் தோட்டத்து லயத்துக்குப் போயிருந்தேன். முன்னால் நின்ற பலாமர நிழலில் ஒரு பாட்டி, ஆறு மாதப் பேரப்பிள்ளையை மடியில் கிடத்தி விசிறிக்கொண்டிருந்தார். காம்பராவுக்குள் நுழையப் போன என்னைத் தடுத்தார். "உள்ளுக்குப் போகாதீங்க சாமி. அடுப்புக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு. வெயில் தாழட்டும்."

பிள்ளையின் தாய் பால் வெட்டுகிறவர். விடியுமுன் எழுந்து மலைக்குப் போய், பால் சேர்த்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப நண்பகலாகிவிடும். சற்றுத் தலை சாய்க்க வேண்டிய அந்த நேரத்தில்தான் தகரம் கொதிக்கிறது. ஓய்வில்லாத உடம்போடு மறுநாளும் கத்தியைத் தூக்க வேண்டும். ஆகவே, கூரைச் சூடு என்பது வசதியைப் பற்றிய பேச்சல்ல. உழைப்பவரின் உடல்நலம் பற்றிய பேச்சு.

சூடு எங்கிருந்து வருகிறது?

வெள்ளையர் காலத்தில் தோட்டமெங்கும் லயங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுபோல் கட்டப்பட்டன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒரு கதவு, பெயருக்கு ஒரு ஜன்னல், மேலே தகரம். நுவரெலியாக் குளிருக்கும் அதுதான். இரத்தினபுரி, கேகாலை வெக்கைக்கும் அதுதான். பின்னுக்குப் பின் ஒட்டிய லயமானால் காற்று ஊடே போகவும் வழியில்லை.

துருப்பிடித்துக் கறுத்த தகரம் வெயிலை உறிஞ்சிச் சூட்டைக் கீழே இறக்குகிறது. இரவிலோ அதே தகரம் விரைவில் குளிர்ந்துவிடும். சமையல் ஆவியும், உறங்குவோரின் மூச்சும் அதில் பட்டு நீராகிச் சொட்டும். மழையே இல்லாத இரவிலும் பாய் நனைவது இதனால்தான். பகலில் வெக்கை, இரவில் ஈரம், இரண்டுக்கும் நடுவே அடுப்புப் புகை. குழந்தைக்கு இருமல் வராமல் என்ன செய்யும்? வீட்டுக்குள் சேரும் புகையினால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

தனியே செய்த திருத்தம்

அந்த லயத்தில் ஒரு குடும்பம் கடன் வாங்கித் தன் அறைக்கு மேலிருந்த தகரங்களை மட்டும் மாற்றியது. அடுத்த பெருமழையில் புதுத் தகரமும் அயல்வீட்டுப் பழைய தகரமும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கியது. இரண்டு வீட்டுக்கும் சண்டை. உண்மையில் குற்றம் இருவர் மீதும் இல்லை. காம்பராக்கள் வேறு வேறு, கூரை ஒன்றே. ஒருவர் கழற்றினால் பக்கத்து வீட்டு ஆணியும் தளரும்.

பின்னர் எட்டுக் குடும்பங்களும் கூடிப் பேசின. மாதர் சங்கத்துப் பெண்களே முன்னுக்கு வந்தார்கள். எந்தத் தகரம் ஓட்டை, எந்த மரம் உக்கியது, எந்தப் பீலி உடைந்தது என்று ஒரு கொப்பியில் வரிசையாக எழுதினார்கள். அந்தப் பட்டியலோடு நிர்வாகத்துக்குக் கடிதம் போனது. கேட்டதில் பாதித் தகரம் கிடைத்தது. கூலி வேலையை லயமே செய்தது. மீதிப் பாதி இன்னும் வரவில்லை. கடிதத்தின் பிரதியைச் சங்கம் பத்திரமாக வைத்திருக்கிறது.

நாமே செய்யக்கூடியவை

மழை குறைந்த தை, மாசி மாதங்களே கூரை வேலைக்கு ஏற்றவை. தகரத்தில் ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடிவரும் தண்ணீர் அந்தத் துளையால் உள்ளே இறங்கும். ஆணிக்குக் கீழே றப்பர் வோஷர் வேண்டும். மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மீது அரை அடியாவது ஏறியிருக்க வேண்டும். துருவேறிய தகரத்தில் நேரே காலை வைக்காமல், மரச் சட்டங்களின் மேல் பலகை போட்டு ஏறுங்கள்.

வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். இந்தியாவின் அகமதாபாத்தில் ஏழைகளின் குடியிருப்புகளில் இப்படி வெள்ளை பூசியிருக்கிறார்கள். தெலங்கானா அரசு 2023இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் நம் பகுதி மழைக்கு வெறும் சுண்ணாம்பு நிற்காது. துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு ஒன்று பூசி, அதன்மேல் கூரைக்கான வெள்ளைப் பெயின்ற் பூசுவதே பலன் தரும். பாசி படிந்தால் மீண்டும் கறுத்துவிடும். ஆண்டுக்கொருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். பூசிய பின் விழும் முதல் மழைகளின் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள்.

பெயின்றுக்குப் பணமில்லையா? தகரத்துக்குக் கீழே அரை அடி இடைவெளி விட்டு மூங்கில் பாய் கட்டலாம். அந்த இடைவெளியில் காற்றுப் போக இரு பக்கமும் திறப்பு இருக்கட்டும். அடுப்புக்கு மேலே மட்டும் பாயோ, உரப்பையோ கட்டவே கூடாது, தீப்பிடிக்கும். மேற்கு வெயில் படும் இஸ்தோப்புக்கு முன்னால் ஒரு பந்தல் போட்டு, பாகலோ கொடித்தோடையோ ஏற்றினால் நிழலும் கிடைக்கும், கறியும் கிடைக்கும்.

அடுப்பைப் பொறுத்தவரை, ஒரே தீயில் இரண்டு பானை வைக்கக்கூடிய அனகி மண் அடுப்பு விறகையும் புகையையும் குறைக்கும். றப்பர் விறகைப் பிளந்து நன்றாகக் காயவைத்து எரியுங்கள். ஈரவிறகுதான் புகையின் தாய். புகைபோக்கி இருந்தால் கரியை மாதமொருமுறை தட்டிவிடுங்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரை உள்ளவர்கள் கவனம். அதை வாளால் அறுக்கவோ, உடைக்கவோ, உலர்ந்தபடி சுரண்டவோ வேண்டாம். அதன் தூசி புற்றுநோய் தரும்.

சொந்தமில்லாத வீட்டுக்கு ஏன்?

கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார்: "நாங்களே திருத்திக்கிட்டா, அப்புறம் புது வீடு எதுக்குன்னு தொரை கேட்க மாட்டாரா, சாமி?" நியாயமான கேள்வி. தோட்டங்களின் முகாமை 1992இல் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. தலைமுறைகளாகக் குடியிருப்பவர் கையிலோ உறுதிப்பத்திரம் இல்லை. ஒழுகும் கூரைக்குப் பொறுப்பாளி யாரென்ற கேள்வியும் இப்படித்தான் கைமாறிக்கொண்டே போகிறது.

அதனால்தான் கொப்பியும் கடிதமும் முக்கியம். என்ன பழுது, யாரிடம் கேட்டோம், எந்தத் திகதியில் கேட்டோம், யார் செலவழித்தார் என்று எழுதிவைத்தால், திருத்தம் உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது; உரிமைக்குச் சாட்சியாகும். கடிதம் நிர்வாகத்தோடு நிற்க வேண்டாம். தொழிற்சங்கத்துக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் பிரதி அனுப்புங்கள். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டு, சபைகளின் பணிகள் தோட்டங்களுக்குள் வர வழி திறந்தது. ஆகவே லயத்துப் பாதை, வடிகான் போன்ற பொதுத் தேவைகளை உங்கள் பிரதேச சபை உறுப்பினரிடமும் கேளுங்கள்.

சொந்தக் காணியில் சொந்த வீடு என்பதே முடிவான மருந்து. அந்தக் கோரிக்கையை ஒருநாளும் கைவிடக் கூடாது. ஆனால் வீடு வரும்வரை அந்தக் குழந்தை வளராமல் காத்திருக்குமா? அடுத்த பங்குனிக்கு முன் உங்கள் லயத்தில் ஒரு கூட்டம் போடுங்கள். ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் கூரையைப் பற்றி எழுதுங்கள்.