விமானத்தின் வயிற்றில் படியும் கறை சொல்லும் சேதி

சிறிய விமானத்தைத் துடைப்பது வெறும் அழகு வேலை அன்று. அதில் வேதியியலும் இருக்கிறது, உயிர்ப் பாதுகாப்பும் இருக்கிறது.

பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்தின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். மூக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாயிலிருந்து வால்பக்கம் நோக்கி நீண்ட கோடு ஒன்று ஓடும். சில விமானங்களில் அது வெளிர் சாம்பல் நிறமாக இருக்கும். சிலவற்றில் கன்னங்கரேலென்று இருக்கும். இன்னும் சிலவற்றில் எண்ணெய்ப் பிசுக்கோடு மினுங்கும்.

சுபாங், சிலேத்தார், மலாக்காவின் பத்து பெரண்டாம் போன்ற விமான நிலையங்களில் பறக்கக் கற்கும் இளையர்களுக்குத் துணியும் வாளியும் புதியவை அல்ல. சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றினாலும், அந்தக் கறையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு மருத்துவ அறிக்கை. இயந்திரம் நலமாக இருக்கிறதா, நோயுற்றிருக்கிறதா என்பதை அது சொல்லிவிடும்.

கறை எங்கிருந்து வருகிறது?

நாம் பயணம் செய்யும் பெரிய ஜெட் விமானங்கள் மண்ணெண்ணெயைப் போன்ற எரிபொருளில் ஓடுகின்றன. பிஸ்டன் இயந்திரம் பொருத்திய சிறிய விமானங்களில் பெரும்பாலானவை '100 எல்எல்' எனப்படும் விமானப் பெட்ரோலைப் பயன்படுத்துகின்றன. 'எல்எல்' என்பது குறைந்த ஈயம் என்பதைக் குறிக்கிறது. குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. ஒரு லிட்டரில் 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செஸ்னா 172 மணிக்குச் சுமார் 32 லிட்டர் எரிபொருளை எரிப்பதாக வைத்துக்கொள்வோம். 32-ஐ 0.56-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 18 கிராம். அதாவது, ஒரு மணி நேரப் பயணத்தில் அவ்வளவு ஈயம் வரை இயந்திரத்தின் வழியாகச் செல்லக்கூடும்.

சிலிண்டருக்குள் எரிபொருள் நேரம் தவறி வெடிக்காமல் இருப்பதற்காகவே ஈயம் சேர்க்கப்படுகிறது. ஆனால் எரிந்த பிறகு அது ஈய ஆக்சைடாக மாறி ஸ்பார்க் பிளக்குகளில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க எத்திலீன் டைபுரோமைடு என்ற வேதிப்பொருளும் எரிபொருளில் கலக்கப்படுகிறது. அது ஈயத்தை ஈய புரோமைடாக மாற்றுகிறது. ஈய புரோமைடு எளிதில் ஆவியாவதால் வெப்பப் புகையோடு வெளியேறிவிடும். வெளியே வந்ததும் குளிர்ந்த காற்றும் விமானத்தின் உலோகத் தோலும் அதை எதிர்கொள்கின்றன. ஆவி குளிர்ந்து, கரியோடும் எண்ணெயோடும் சேர்ந்து படிகிறது. நாம் துடைக்கும் கறை இதுதான்.

நிறத்தைப் படிப்போம்

வெளிர் சாம்பல் அல்லது இளம்பழுப்பு நிறத்தில் உலர்ந்த படிவு இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. எரிதல் சரியாக நடக்கிறது என்று கொள்ளலாம்.

கறுப்பாக, தொட்டால் கையில் ஒட்டும் உலர்ந்த கரியாக இருந்தால் காற்றுக்குத் தேவையானதைவிட அதிக எரிபொருள் போகிறது என்று பொருள். எரியாமல் மிஞ்சிய கார்பன் கரியாக வெளியேறுகிறது.

கறுப்பும் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். பிஸ்டன் வளையங்களோ வால்வுப் பகுதிகளோ தேய்ந்து, எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்து எரியலாம். அல்லது இயந்திரத்தின் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் 'பிரீதர்' குழாய் வழியாக எண்ணெய் சிதறலாம்.

நிறத்தைவிட முக்கியமானது மாற்றம். நேற்று வரை சாம்பலாக இருந்த கோடு இன்று கறுத்திருந்தால், துடைப்பதற்கு முன் பொறியாளரிடம் காட்டவேண்டும். துடைத்த பிறகு சாட்சி இருக்காது.

இருக்கக்கூடாத இடத்தில் கறை

புகைக்குழாய்க்குப் பின்னால் கறை இருப்பது இயல்பு. 'கவுலிங்' எனப்படும் இயந்திர உறைக்குள், குழாய் இணைப்புகளைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூளோ புகைத் தடமோ தென்பட்டால் அது இயல்பு அன்று. அங்கே வாயு கசிகிறது.

அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேற்பட்ட வலிமையுடன் அதைப் பற்றிக்கொள்கிறது. பல சிறிய விமானங்களில் புகைக்குழாயின் வெப்பத்தைச் சுற்றிவரும் காற்றைக் கொண்டே விமானி அறையைச் சூடாக்குகிறார்கள். குழாயில் ஒரு விரிசல் விழுந்தால் நச்சு வாயு நேராக உள்ளே வரும். நம் நாட்டு வெயிலில் சூடேற்றியை யாரும் திறப்பதில்லை என்றாலும், கதவு இடுக்குகளும் தடுப்புச் சுவரின் துளைகளும் வாயுவுக்குப் போதும்.

இது ஏட்டளவு ஆபத்து அன்று. 2019 ஜனவரி 21-ஆம் தேதி இரவு, காற்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணம் செய்த பைப்பர் மாலிபு விமானம் பிரான்சின் நாந்த் நகரிலிருந்து பிரிட்டனின் கார்டிஃப் நகருக்குச் செல்லும் வழியில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. சாலாவின் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினில் 58 விழுக்காடு கார்பன் மோனாக்சைடுடன் பிணைந்திருந்தது தெரியவந்தது. விமானியும் அந்த வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் விசாரணை அமைப்பு முடிவு செய்தது. ஒலியெழுப்பி எச்சரிக்கும் வாயு உணர்கருவி அந்த விமானத்தில் இல்லை என்பதையும் அறிக்கை சுட்டியது.

உலோகத்துக்கும் கேடு உண்டு. இத்தகைய விமானங்களின் அலுமினியத் தோல் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. புகைப்படிவு ஈரத்தோடு சேர்ந்தால் அரிப்பைத் தூண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பு, ஆணித் தலை, கீல் ஆகிய இடங்களில் அது ஒளிந்துகொள்ளும். ஆண்டு முழுதும் ஈரக்காற்றும் கடற்கரை உப்பும் உள்ள நம் வட்டாரத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும்.

துடைக்கும் முறை

முதலில் இயந்திரமும் புகைக்குழாயும் முழுமையாக ஆறட்டும். சாவியை எடுத்துவிட்டு, மின் விசையை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவேண்டும். உந்துவிசிறியைக் கையால் திருப்பக்கூடாது. சாவி இல்லாவிட்டாலும், பழுதுள்ள இயந்திரம் திடீரென்று உயிர்பெறக்கூடும். விமானம் நிழலில் இருக்கட்டும். சூடான தகட்டில் சோப்புக் கரைசல் காய்ந்து புதுக் கறையை உண்டாக்கும்.

இரண்டாவது, உங்கள் பாதுகாப்பு. கறையில் ஈயம் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். ரப்பர் கையுறை, கண்ணாடி, நீளக்கைச் சட்டை கட்டாயம். உலர்ந்த கறையைத் தேய்த்துத் தூளாக்கிப் பறக்கவிடாமல் முதலில் நனைக்கவேண்டும். வேலை முடியும்வரை உண்ணவோ பருகவோ கூடாது. கையை நன்றாகக் கழுவியபின், அந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்கவேண்டும்.

மூன்றாவது, சரியான கரைசல். விமானக் கையேடு அனுமதிக்கும் மென்மையான சோப்புக் கரைசலே நல்லது. எண்ணெய்ப் பிசுக்குக்குக் கையேடு குறிப்பிடும் கரைப்பானைப் பயன்படுத்தலாம். சமையலறை அடுப்பைச் சுத்தம் செய்யும் திரவத்தை ஒருபோதும் தொடவேண்டாம். அவற்றில் பலவற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு உண்டு. அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும் உலோகம் அலுமினியம் என்று வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்தப் பாடம் இங்கே கண்முன் நடக்கும். காரம் தகட்டையே தின்றுவிடும். இரும்பு நாரும் கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

கரைசலைச் சிறு பகுதியாகத் தடவி, சில நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் மென்துணியால் துடைக்கவேண்டும். அழுத்தமான நீர்ப்பீச்சு வேண்டாம். அது கீல்களின் மசகைக் கழுவிவிடும். தண்ணீரால் அலசி, உலர்த்தி, அடியில் உள்ள வடிதுளைகள் அடைபடவில்லை என்று பார்க்கவேண்டும். கறை படிந்த துணிகளைச் சாதாரணக் குப்பையில் போடாமல் பள்ளியின் இரசாயனக் கழிவுத் தொட்டியில் சேர்க்கவேண்டும்.

மறந்த ஒரு நாடா

விமானத்தின் வேகத்தையும் உயரத்தையும் கணக்கிடும் கருவிகள் சிறு துளைகள் வழியாகக் காற்றழுத்தத்தை உணர்கின்றன. கழுவும்போது நீர் புகாமல் அவற்றை மூடுவது வழக்கம். திறக்க மறந்தால் என்ன ஆகும்?

1996 அக்டோபர் 2-ஆம் தேதி பெருவின் லீமா நகரிலிருந்து ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 விமானம் இரவில் புறப்பட்டது. துப்புரவுப் பணியின்போது அழுத்தத் துளைகள்மீது ஒட்டிய நாடா அகற்றப்படாமல் இருந்தது. கருவிகள் தவறான உயரத்தையும் வேகத்தையும் காட்டின. விமானம் பசிபிக் கடலில் விழுந்து, அதிலிருந்த 70 பேரும் மாண்டனர்.

அதனால்தான் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மூடிகளைப் பயன்படுத்துகிறார்கள். எத்தனை மூடினோம் என்று எழுதிவைத்து, அத்தனையையும் எண்ணி எடுக்கிறார்கள். பிறகு வேறொருவர் சரிபார்க்கிறார்.

வருமுன் காப்போம்

கறையை முற்றாகத் தடுக்க முடியாது, குறைக்க முடியும்.

சுத்தமான அடிப்பகுதியில் மெழுகு பூசினால் புதுக்கறை ஆழப் பற்றாது. ஒவ்வொரு நாளும் பறந்து முடித்தபின், குழாய் ஆறியதும் துடைத்தால் சில நிமிடங்களில் வேலை முடியும். மாதக்கணக்கில் விட்டால் அரைநாள் போகும்.

அடுத்தது, எரிபொருள் கலவை. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. 8,000 அடி உயரத்தில் அதன் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 79 விழுக்காடுதான். எரிபொருளைக் குறைக்காவிட்டால் கரி மிகும். விமானி அறையில் உள்ள சிவப்புக் குமிழ் இதற்காகவே இருக்கிறது. ஆனால் கையேட்டில் சொன்னபடியே அதை இயக்கவேண்டும். அதிக ஆற்றலில் ஓடும்போது எரிபொருளை மட்டுமீறிக் குறைத்தால் இயந்திரம் சேதமடையும்.

இயந்திர எண்ணெயையும் விளிம்புவரை நிரப்பவேண்டாம். 8 குவார்ட் கொள்ளும் இயந்திரத்தில் கடைசிக் குவார்ட் பெரும்பாலும் பிரீதர் வழியாக விமானத்தின் வயிற்றில்தான் போய்ச் சேரும். புகைக்குழாயை நீட்டுவது, எண்ணெய் பிரிப்பானைப் பொருத்துவது போன்ற மாற்றங்கள் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் வேலை.

ஈயத்துக்கு விடைகொடுக்கும் காலம்

சாலை வாகனங்களில் ஈயப் பெட்ரோலின் பயன்பாடு 2021-ல் அல்ஜீரியாவோடு உலகெங்கும் முடிவுக்கு வந்தது. ஆகாயத்தில் அந்த மாற்றம் இப்போதுதான் நடக்கிறது. 2022-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 100 ஆக்டேன் ஈயமில்லா எரிபொருள் ஒன்றுக்கு அங்கீகாரம் அளித்தது. 2030-க்குள் ஈயத்தைக் கைவிடுவது அந்நாட்டின் இலக்கு. ஈயம் போனாலும் கரியும் எண்ணெயும் இருக்கும். துணிக்கும் வாளிக்கும் ஓய்வில்லை.

விமானப் பராமரிப்புத் துறையில் சேர விரும்பும் மாணவர்களுக்கு இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் ஆகிய மூன்றும் அடித்தளம். உரிமம் பெற்ற பொறியாளராவதற்குத் தேர்வுகளும் பல ஆண்டு அனுபவமும் வேண்டும். அதற்கெல்லாம் முன்பே வேண்டிய குணம் ஒன்று உண்டு. எல்லாரும் துடைத்துவிட்டுப் போகும் கறைக்கு முன் ஒரு நிமிடம் நின்று, 'இது ஏன் இங்கே வந்தது?' என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்வியை இப்போதே கேட்கப் பழகுங்கள். அதற்கு விமானம்தான் வேண்டும் என்றில்லை. வீட்டு மோட்டார்சைக்கிளின் புகைக்குழாயிலும் தொடங்கலாம்.